ஓடி வர ஒரு மடி: வீட்டுக் கல்விப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும், நிறுத்திவிடலாமா என்று ராத்திரியெல்லாம் புரண்டு படுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கோவையிலிருந்து இதை எழுதுகிறேன். 2015 கோடை விடுமுறையில் நானும் என் கணவரும் அந்த முடிவை எடுத்தோம். மகன் அப்போது இரண்டாம் வகுப்பை முடித்திருந்தான். காலையில் வேன் சத்தம் கேட்டாலே வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கிற பிள்ளையாக ஆகியிருந்தான். அவனுக்கு மூன்று வயது இளையவளான மகள், பள்ளி வாசலை மிதிக்காமலே எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

அதன்பிறகு எங்கள் வீட்டைத் தேடி வந்த பெற்றோர் பலர். வரும்போது எல்லோரும் கேட்பது "எந்தப் பாடத்திட்டம் நல்லது? என்ன புத்தகம் வாங்கலாம்?" என்பதைத்தான். அவர்களில் சிலர் ஒரு வருடம் கழித்துக் கண்கலங்கித் திரும்ப வருவார்கள். "என் பேச்சைக் கேட்கவே மாட்டேங்கறான். தினமும் சண்டை. நான் நல்ல அம்மாதானான்னே சந்தேகமா இருக்கு" என்பார்கள். அந்த அழுகையை நானும் அழுதிருக்கிறேன். பாடத்திட்டத்தை மாற்றிப் பார்த்தேன், கால அட்டவணையை மாற்றிப் பார்த்தேன், எதுவும் உதவவில்லை. காரணம் புத்தகத்தில் இல்லை என்று எனக்குப் புரியக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அத்தனை நாள் ஆக வேண்டாம் என்பதற்காகவே இந்த மடல்.

முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டேன். மகன் 35 என்று எழுதினான். தப்பு, மறுபடி போடு என்றேன். மறுபடியும் 35. மூன்றாம் தடவையும் அதே 35 வந்தபோது, "கவனம் எங்கடா இருக்கு?" என்று கத்திவிட்டேன். பென்சிலை வீசிவிட்டு எழுந்து ஓடினான். சமையலறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் மாமியாரின் மடியில் போய் விழுந்தான். "வா சாமி" என்று அணைத்துக்கொண்டார் அத்தை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவனையும் கேட்கவில்லை. ஒரு கொத்துக் கீரையை அவன் கையில் கொடுத்தார். கால் மணி நேரம் அப்பத்தாவோடு கீரை உருவிவிட்டு, அவனாகவே வந்து நோட்டின் முன் உட்கார்ந்தான்.

அந்த வாரக் கடைசியில் பக்கத்துத் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் அந்த நோட்டைக் காட்டினேன். ஆரம்பப் பள்ளியிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். பார்த்த உடனே சொன்னார்: "பையன் கவனக்குறைவா போடலைம்மா. அவன் ஒரு விதி வெச்சிருக்கான். பெரிய எண்ணுல இருந்து சின்ன எண்ணைக் கழிக்கணும்னு சொல்லிக் குடுத்திருப்பீங்க. இங்கே 2-ஐ விட 7 பெருசு. அதனால ஏழுல இருந்து ரெண்டைக் கழிச்சுட்டான். ரெண்டாம் வகுப்புல எல்லா வருஷமும் நாலஞ்சு பிள்ளைங்க இதைச் செய்யும்."

பிறகு ஈர்க்குச்சிகளை ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டு கட்டினார். பக்கத்தில் இரண்டு உதிரிக் குச்சி வைத்தார். "கண்ணு, இதுல இருந்து இருபத்தேழு குச்சி எனக்கு எடுத்துக் குடு." மகன் இரண்டு கட்டு எடுத்துக் கொடுத்தான். இரண்டு உதிரியையும் கொடுத்தான். இன்னும் ஐந்து வேண்டும். கொஞ்ச நேரம் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று நான் ஒரு வாரம் தொண்டை வறளச் சொல்லியும் ஏறாதது, அந்த ஒரு ரப்பர் பேண்டில் ஏறிவிட்டது.

பொறியியல் படித்த எனக்கு இரண்டாம் வகுப்புக் கணக்கு தெரியாதா? தெரியும். ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தவறுகள் எனக்குத் தெரியாது. நல்ல ஆசிரியருக்குத் தெரிந்திருப்பது பாடம் மட்டும் இல்லை. ஒரு பிள்ளை எந்த இடத்தில் இடறும், எதனால் இடறும் என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்துச் சேர்த்த அறிவு அது. அவருக்கு அந்த 35 பழகிய முகம். எனக்கு அதுதான் முதல் முறை. முதல் முறை பார்க்கும் எந்தத் தவறும் பெற்றோருக்குப் பயமாக மாறிவிடுகிறது. பிள்ளைக்கு ஏதோ குறையோ, நாம் எடுத்த முடிவு தப்போ என்று மனம் தாவுகிறது. அந்தப் பயம்தான் வாயில் கோபமாக வருகிறது.

மகள் விஷயத்திலும் இதே பயத்தில் வெந்தேன். ஏழு வயதாகியும் அவள் எழுத்துக் கூட்டி வாசிக்கவில்லை. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் சிலர் ஐந்து வயதில் வாசிப்பார்கள், சிலர் ஏழில் வாசிப்பார்கள். அதைப் பார்க்கிற ஆசிரியருக்கு நிதானம் இருக்கும். வீட்டில் ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டு நாள் எண்ணுகிற அம்மாவுக்கு அந்த நிதானம் எங்கிருந்து வரும்? ஒருநாள் காந்திபுரத்தில் நின்றுகொண்டிருந்தபோது வந்த பேருந்தின் பலகையைப் பார்த்து, "உ... க்... க... டம். அம்மா, உக்கடம்!" என்று கூவினாள். அன்றைக்கு அழுதது நான்தான். அதற்கு முந்தைய ஆறு மாதம் அவள் மீது நான் சுமத்திய பதற்றத்தை எண்ணி அழுதேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 2016-இல் கொழுந்தனார் மனைவியின் பிரசவத்துக்காக அத்தை ஈரோட்டுக்குப் போய் மூன்று மாதம் தங்கினார். எங்கள் வீட்டுக் கல்வியின் மிக மோசமான மூன்று மாதங்கள் அவை. ஒரு நாள் ஏதோ ஒரு பாடத்தில் நான் குரலை உயர்த்தினேன். மகன் பழைய வழக்கப்படி எழுந்து ஓடினான். சமையலறை வாசல் வரை போய் நின்றான். உள்ளே யாரும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. பள்ளியில் டீச்சர் திட்டினால் பிள்ளை அம்மாவிடம் வந்து சொல்லும். அம்மா அடித்தால் அப்பத்தாவிடம் ஓடும். ஒருவரிடம் பட்ட காயத்துக்கு இன்னொருவரின் மடி மருந்தாக இருக்கும். என் வீட்டில் டீச்சரும் நான், தலைமையாசிரியையும் நான், பரீட்சை வைப்பவளும் நான், சோறு போடுபவளும் நான். "டீச்சர் திட்டிட்டாங்க" என்று போய்ச் சொல்ல அவனுக்கு ஓர் அம்மா இல்லாமல் போய்விட்டாள். பள்ளியிலிருந்து அவனைக் காப்பாற்றுவதற்காக நான் எடுத்த முடிவு, அவனுக்கு இருந்த புகலிடத்தையே எடுத்துக்கொண்டிருந்தது.

பெற்றோர் தடுமாறுவதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள்: பொறுமை இல்லை, நேரம் இல்லை, பயிற்சி இல்லை. அவை உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, பல பேர் சேர்ந்து சுமக்க வேண்டியதை ஒருவர் தலையில் ஏற்றிவிடுவது. பெரும்பாலும் அந்தத் தலை அம்மாவின் தலை.

நம் ஊரில் கல்வியை ஒரு தாய் தனியாகச் சுமக்கும் வழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். ஊர் சேர்ந்து நெல்லும் காசும் கொடுத்து வாத்தியாரை வைத்துக்கொண்டது. பெரிய பிள்ளை சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களை மணலில் எழுத வைத்தான். அந்தப் பள்ளிகள் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகள் அங்கே இருந்தன, ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கே இடமும் இருக்கவில்லை. ஆனாலும் பாடம் சொல்பவர் ஒருவர், பசியாற்றித் தேற்றுபவர் வேறொருவர் என்ற பிரிவு அங்கே இருந்தது.

நம்மில் பலர் இந்தப் பாதைக்கு வந்ததே 'டோட்டோ-சான்' என்ற ஜப்பானியப் புத்தகத்தைப் படித்துத்தான். பழைய ரயில் பெட்டிகளில் வகுப்பு, முதல் நாளிலேயே ஒரு சிறுமி பேசுவதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட தலைமையாசிரியர் கோபயாஷி என்று மனம் நெகிழ்ந்து படித்தோம். ஆனால் அந்தப் புத்தகத்தின் அம்மாவை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். மகளைப் பழைய பள்ளி வெளியேற்றியபோது அவர் வீட்டில் கரும்பலகை மாட்டவில்லை. மகளை அப்படியே ஏற்றுக்கொள்ளும் இன்னொரு மனிதரைத் தேடிப் போனார். வெளியேற்றப்பட்ட செய்தியை அந்தப் பெண் வளர்ந்து ஆளாகும் வரை அவளிடம் சொல்லவே இல்லை. அவர் அம்மாவாகவே இருந்தார். நமக்கான பாடம் அதில் இருக்கிறது.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஏறத்தாழ 19 மாதம் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீடும் பள்ளிக்கூடமாக இருக்க வேண்டியிருந்தது. நாங்கள் ஐந்து வருடமாக அனுபவித்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் அனுபவித்தார்கள். அந்த இழப்பை ஈடுகட்ட அரசு எடுத்த வழியைக் கவனியுங்கள். 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களை அனுப்பியது. அதே தெருவில் வசிக்கும் ஓர் அக்காவோ அண்ணனோ சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைக்கு இன்னொரு பெரியவர் கிடைத்தார், கூடவே நாலு பிள்ளைகளும் கிடைத்தார்கள். விட்டுப்போன பாடத்தோடு சேர்த்து, விட்டுப்போன மனிதர்களையும் அந்தத் திட்டம் கொண்டுவந்தது.

அப்பாக்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் வந்து, "இன்னைக்கு என்ன படிச்சான்?" என்று கேட்கிறீர்கள். அக்கறையாகத்தான் கேட்கிறீர்கள். ஆனால் நாள் முழுவதும் பிள்ளையோடு மல்லுக்கட்டியவளுக்கு அது பரீட்சைக் கேள்வி. அந்தப் பரீட்சையில் தேற வேண்டும் என்பதற்காகவே மத்தியானம் மூன்று மணிக்கு அவள் இன்னும் இரண்டு பக்கம் எழுத வைக்கிறாள். கேள்வியை விட்டுவிட்டு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் மகனை அங்கே அழைத்துப் போகத் தொடங்கினார். 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் வெர்னியர் காலிப்பர் அவன் கைக்கு வந்தது. தசம எண்கள் என்ற அத்தியாயத்தை நான் அவனுக்கு நடத்தவே வேண்டியிருக்கவில்லை. அதைவிடப் பெரிய லாபம், அந்த ஒரு நாள் எனக்கென்று கிடைத்தது. பள்ளிக்கு மணி உண்டு, ஞாயிறு உண்டு, காலாண்டு விடுமுறை உண்டு. வீட்டில் பாடம் சொல்லும் அம்மாவுக்கு அவற்றை யாராவது உண்டாக்கித் தர வேண்டும்.

உறவினர் கேள்விகளும் நம்மை அரிக்கின்றன. கல்யாண மண்டபத்தில் யாரோ ஒருவர் "தம்பி எந்த ஸ்கூல்?" என்று கேட்பார். பதில் சொன்னதும் முகம் மாறும். உடனே நாம் பிள்ளையை முன்னால் நிறுத்தி, "பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு கண்ணு" என்கிறோம். நம் முடிவு சரி என்று நிரூபிக்கும் சாட்சியாக அவனை ஆக்கிவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் தோளுக்கு அது மிகப் பெரிய பாரம். "வீட்டுல படிக்கிறான், நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போக இப்போது பழகிவிட்டேன்.

அடுத்தது சட்டம். இங்கே தெளிவு இல்லாமல் பயந்துகொண்டே இருப்பவர்கள் நிறைய. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக் கல்விக்கென்று தனி ஏற்பாடும் அதில் இல்லை. அந்த அரை நிழலில்தான் நாம் இருக்கிறோம், அதை அறிந்தே இறங்குங்கள். பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத முடியும். 14 வயது ஆனவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்கள், ஐந்து ஆண்டுக் காலம், ஒன்பது வாய்ப்புகள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. என் மகன் 2023-இல் நான்கு பாடங்களை எழுதிவிட்டுக் கணிதத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளி வைத்தான். இன்று டிப்ளமோ படிக்கிறான்.

திரும்பிப் போகும் கதவும் திறந்தே இருக்கிறது. பள்ளிக்கே போகாத பிள்ளையானாலும், 14 வயதுக்குள் எப்போது வந்தாலும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. என் மகள் 2022-இல், "அம்மா, எனக்கு ஸ்கூலுக்குப் போகணும். நிறைய ஃப்ரெண்ட்ஸ் வேணும்" என்றாள். அன்றிரவு எனக்குத் தோற்றுப்போனது போல் இருந்தது. விடிந்ததும் அரசுப் பள்ளிக்குப் போய் ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். ஆறாம் வகுப்பிலேயே சேர்வதில் இன்னொரு பயனும் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பு முதல் படித்ததைக் கணக்கில் எடுக்கிறது. வீட்டிலேயே வைத்திருப்பதென்றால் இவற்றை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும். என் மகள் சாயங்காலம் வந்து பையைப் போட்டுவிட்டு, "இன்னைக்கு கணக்கு மிஸ் திட்டிட்டாங்கம்மா" என்று என் மடியில் சாய்ந்த நாளை மறக்க மாட்டேன். அந்தப் புகாரைக் கேட்கும் இடத்துக்கு நான் திரும்பி வந்திருந்தேன்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு சம்பளத்தை விட்டுத்தான் நான் வீட்டில் இருந்தேன். எல்லோராலும் அது முடியாது. பள்ளியில் கிடைக்கும் மதிய உணவும் பாதுகாப்பும் இல்லாமல் வாழ முடியாத பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கும் மாநிலத்தில், பள்ளியே வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. நம் பிள்ளைக்கு ஒத்துவராததால் ஒதுங்கி வந்தோம், அவ்வளவே. வந்த பிறகு ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆங்கிலப் பாடப்பெட்டிகளை வரவழைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அரசுப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழ் 1987 முதல் வந்துகொண்டிருக்கிறது. பொது நூலகங்கள் இருக்கின்றன. மிச்சமாகும் பணத்தில் பிள்ளையை அழைத்துக்கொண்டு பேருந்து ஏறுங்கள்.

ஆகவே, இதை ஆரம்பிக்கும் முன்போ, ஆரம்பித்துத் திணறிக்கொண்டிருக்கும்போதோ செய்ய வேண்டியது ஒன்றுதான்: பிள்ளைக்கு உங்களைத் தவிர வேறு பெரியவர்களைச் சேருங்கள். உங்களுக்கு எந்தப் பாடத்தில் கோபம் வருகிறதோ அந்தப் பாடத்தை முதலில் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருப்பார், வாசலில் போய்க் கேளுங்கள். எங்களுக்கு ஈர்க்குச்சி கட்டிக்கொடுத்தவர் கடைசி வரை ஒரு ரூபாய் வாங்கவில்லை. "பிள்ளைங்க சத்தம் இல்லாம வீடு வெறிச்சுனு இருந்துச்சும்மா" என்றார். தச்சரும் தையல்காரரும் தோட்டக்காரரும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள்தாம். அதேபோல் வீட்டுக் கல்வியில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தவர் பிள்ளை 35 என்று எழுதும்போது நமக்குக் கோபமே வருவதில்லை. நிதானமாகக் கேட்கத் தோன்றுகிறது.

நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் பிள்ளைக்கும் உங்களுக்கும் சண்டை வரலாம். பென்சிலை வீசிவிட்டு அவன் எழுந்து ஓடுவான். ஓடி யாரிடம் போவான்? அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் உங்கள் வாயில் வருகிறதென்றால் தைரியமாகத் தொடருங்கள். எந்தப் பெயரும் வரவில்லை என்றால் நோட்டுப் புத்தகத்தை மூடி வையுங்கள். கழித்தல் கணக்கு ஒரு மாதம் காத்திருக்கும். முதலில் போய் அந்த மனிதரைத் தேடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
கோயம்புத்தூர்